உருண்டை வராத வலது கை

முதலில் நான் இட்லியைத்தான் திட்டினேன். பிட்டு எடுத்த துண்டு வாய்க்கு வருமுன் தட்டில் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது.

"மாவு புளிச்சுப் போச்சா? பிடிச்சா நிக்கவே மாட்டேங்குது" என்றேன்.

என் மனைவி அமலி அடுப்படியிலிருந்து திரும்பினாள். அவள் இட்லியைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். அது ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஆனையூரில் எங்கள் தெருவில் எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "வாயுப் பிடிப்பு. பூண்டு ரசம் குடுத்துப் படுக்க வைங்க, சாயங்காலம் எந்திரிச்சு ஓடுவாரு" என்றார். குடித்தேன். படுத்தேன். சாயங்காலம் எழுந்து ஓட வலது கால் இல்லை. இருந்தது, ஆனால் என்னுடையதாக இல்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் படுக்காதீர்கள். கிடைத்த வண்டியில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது). அடைப்பாக இருந்தால் அதைக் கரைக்க ஊசி உண்டு. அதைச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். என்னுடைய அந்த மணி நேரங்கள் பூண்டு ரசத்தில் போயின. பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் நலமாக இருக்கிறார், தெருவில் மற்றவர்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரி போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவர் (மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) அதிகம் பேசாதவர். அதனாலேயே அவரைப் பிடித்தது.

"கால் வந்துரும். கை மெதுவாத்தான் வரும். விரல்தான் எல்லாத்துக்கும் கடைசி."

"எம்புட்டு நாளாகும் டாக்டர்?" என்றாள் அமலி.

"நாள் கேக்காதீங்கம்மா. விரலுக்கு வேலை குடுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க."

மாத்திரை என்றது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை (மறுபடி அடைப்பு வராமல் காப்பது). அதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யோசனை சொன்னவர்கள் ஏராளம்.

வீட்டுக்கு வந்த பிறகு உண்மையான நோய் தொடங்கியது. அதன் பெயர் பார்க்க வருகிறவர்கள். ஆப்பிள் வாங்கி வருவார்கள். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள். இதே மாதிரி விழுந்து, இதே மாதிரி படுத்து, பிறகு செத்துப்போன தங்கள் உறவுக்காரர் கதையைச் சொல்வார்கள். அப்புறம், "நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க" என்பார்கள். நான் இடது கையால் தம்ளரைத் தூக்கினால், "பாத்தீங்களா, நல்லாத் தூக்குறாரே!" என்று பூரிப்பார்கள். மிஷன் பள்ளி ஆய்வகத்தில் அமிலப் புட்டிகளையும் கண்ணாடிக் குழாய்களையும் ஒன்றும் உடையாமல் வருடக்கணக்காகத் தூக்கி வைத்தவன் நான். அப்போது ஒருவரும் பூரிக்கவில்லை.

அமலியின் தம்பி அருளப்பன் உசிலம்பட்டியிலிருந்து வயர் கூடையில் ஒரு புறாவைக் கொண்டுவந்தார்.

"மச்சான், இது ரத்தத்தைச் சூடு ஆறுறதுக்குள்ள கையில தேச்சிரணும். எங்க பக்கம் எம்புட்டுப் பேரு எந்திரிச்சு நடந்திருக்காக."

"அவுகளுக்குப் புறா ரத்தம் தேய்க்காட்டியும் கால் வந்திருக்கும் மாப்ள" என்று சொல்ல நினைத்தேன். நாக்கு திரும்புவதற்குள் கூடை மூடி திறந்து புறா அலமாரி மேல் ஏறிவிட்டது. அன்று முழுக்க மூன்று பேர் அதைத் துரத்தினார்கள். வைத்தியமாக வந்தது வீடு முழுக்க எச்சமிட்டு, ஜன்னல் வழியாகப் போனது. அந்த நாட்களில் எனக்கு மரியாதை வந்த ஒரே உயிர் அதுதான்.

கால் வந்தது. பேச்சு வந்தது. கை வரவில்லை. விரல்கள் உள்பக்கம் சுருண்டுகொண்டன. இதைத் தசை இறுக்கம் என்றார்கள் (தளர்ந்த தசை நாளடைவில் தானாகச் சுருங்கி விறைப்பது).

எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, வலது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அமலி ஊட்டினாள், பிறகு கரண்டி வந்தது. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். இடது கையால் சாப்பிடுகிறவனை எங்கள் பக்கம் யாரும் ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள். பார்ப்பார்கள். கூச்சக்காரனுக்கு அது போதும். யார் வீட்டுக்கும் சாப்பிடப் போவதை நிறுத்தினேன்.

தை மாதத்தில் அருளப்பன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அமலிதான் அத்தை, அவள்தான் முன்னால் தட்டுத் தூக்க வேண்டும்.

"நான் வரல. நீ போய்ட்டு வா" என்றேன்.

"நீங்க வரலைன்னா நானும் போகல. என் தம்பி மகளுக்கு வேற எவளாச்சும் தட்டுத் தூக்கட்டும்" என்றாள்.  

இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் உறுப்புகளை இயங்கவைப்பவர்) சுகன்யா, விரலுக்குச் சப்பாத்தி மாவு பிசையச் சொன்னார். பிசைந்தேன். பிசைந்ததை வீணாக்கக் கூடாது என்று அமலி சுட்டாள். தினமும் சப்பாத்தி. கல்லூரிக்குப் போகும் மகள் ஜெனிதான் முதலில் எதிர்ப்புத் தெரிவித்தாள்.

"வைத்தியம் உங்க கைக்கு, தண்டனை எங்க வயித்துக்காப்பா?"

அவள்தான் பாலிமர் களிமண் வாங்கிவந்தாள். பெயர்தான் களிமண், மண் இல்லை. ஒருவகைப் பிளாஸ்டிக். பிசையப் பிசைய மிருதுவாகும், காயாது, ஓவன் அடுப்பில் சுட்டால்தான் கெட்டியாகும். அதில் மாலை கோக்கும் மணி, தோடு எல்லாம் செய்கிறார்கள். சுகன்யாவிடம் காட்டினோம். "பிசையுங்க, உருட்டுங்க, நல்லது. சாப்பிடுறதுக்கு முன்னாடி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிருங்க" என்றார். இதைப் படித்துவிட்டு நீங்களும் தொடங்குவதாக இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். என்னைக் கேட்காதீர்கள், நான் சோதனைக் குழாய் கழுவுகிறவன்.

களிமண்ணோடு ஜெனி ஒரு கூட்டத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். இணையத்தில் மணி செய்யும் பெண்களின் குழு அது. பெண்கள் குழு என்பதால் என்னை அமலியின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கிச் சேர்த்துவிட்டாள். என் முதல் மணியைப் படம் எடுத்துப் போட்டதும் அவளே.

அந்த மணியை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். வெயிலில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை இன்னும் உருண்டையாக இருக்கும்.

"வாவ் சிஸ்!" "வேற லெவல் சிஸ்!" "செம்ம க்யூட், பிரைஸ் ப்ளீஸ்!"

இதயங்கள் வந்து குவிந்தன. கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தேன். ஒருத்தி பிரமாதமான மயில் தோடு போட்டிருந்தாள். அதற்கும் அதே வாவ், அதே வேற லெவல். ஒருத்தி பிசினைக் கொட்டிப் பாழான மேசையைப் போட்டிருந்தாள், அதற்கும் இதயம். ஒருத்தியின் மாமனார் இறந்த செய்திக்கு யாரோ 'சூப்பர் சிஸ்' என்று போட்டிருந்தார்கள். என் கட்டிலின் கால்மாட்டில் ஆப்பிளோடு நின்றவர்கள் எல்லாரும் கைபேசிக்குள் போய்க் குடியேறியதுபோல் இருந்தது. நான் சிஸ் இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. எனக்குப் பழக்கமில்லாதவர்களிடம் பேச வராது, எழுதவும் வராது.

அந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு வரி இருந்தது.

"இது உருண்டை இல்லை. திரும்பச் செய்யுங்க."

எழுதியவர் முருகேஸ்வரி. வண்டியூரில் இருந்து மணி செய்து விற்பவர். உடனே சண்டை. 'ஏன் இவ்வளவு நெகட்டிவ்?' 'பாராட்டத் தெரியாதவங்க பேசாம இருக்கலாம்.' ஒருத்தி அழுகிற பொம்மை ஐந்தாறு போட்டாள், எனக்காக. முருகேஸ்வரி ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை.

அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விழுந்த நாளிலிருந்து என்னை யாரும் குறை சொன்னதில்லை. செய்தது சரியில்லை என்று ஒருவனிடம் சொல்ல வேண்டுமென்றால், அவனால் சரியாகச் செய்ய முடியும் என்று முதலில் நினைக்க வேண்டும். அந்த நினைப்பு என்னைப் பற்றி யாருக்கும் இல்லாமல் போயிருந்தது, எனக்கும்.

அவருடைய காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். முகம் வராது. கைகள் மட்டும், ஒட்ட வெட்டிய நகங்கள், ஒரு டைல்ஸ் துண்டு, ஒரு பிளேடு. பின்னணி இசை கிடையாது, தெருவில் போகிற ஆட்டோ சத்தம்தான். 'வணக்கம் நட்புகளே' கிடையாது. "இப்ப வெள்ளைய எடுத்துக்கங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் செய்யும் மணிகளில் எனக்குப் பிடித்தது சுங்குடி மணி. சுங்குடிச் சேலையில் துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பொட்டின் ஓரம் ஒருபோதும் சரியான வட்டமாக இராது, கொஞ்சம் கசிந்து, கொஞ்சம் இழுபட்டு இருக்கும். முருகேஸ்வரி அந்தக் கசிவையே களிமண்ணில் கொண்டுவருவார். வெள்ளையும் சிவப்பும் நடுவில் வெளிர்நிறமும் சேர்த்து நீளக் குச்சியாக உருட்டுவார். குச்சியை எந்த இடத்தில் வெட்டினாலும் முகத்தில் அதே பொட்டு. அப்பளம்போல் மெல்லிசாகச் சீவி, ஒவ்வொன்றாக உருண்டைமேல் ஒட்டி உருட்டுவார். ஒட்டிய தடம் மறைந்துவிடும். மணி உருட்டுகிறவர்களுக்குப் பெரிய எதிரி சொந்தக் கைரேகை, அது பதிந்துவிட்டால் வேலை கெட்டது. அவர் மணியில் ஒரு ரேகை இருக்காது. விரல் நுனியில் ஒரு சேலையை முழுசாகச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். இந்த மணிக்கும் கீழே அதே 'க்யூட் சிஸ்'தான். பார்க்கத் தெரியாத கண்களுக்கு மத்தியில் ஒருவர் இத்தனை கவனமாக வேலை செய்வது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஓவன் அடுப்பு இல்லை. உருட்டியதை என்ன செய்வது? சூடுதானே வேண்டும் என்று யோசித்தேன். இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி, துணி விரித்து, மணிகளை வைத்து அவித்தேன். அமலி கோவிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து மூடியைத் திறந்தாள்.

"ஏங்க, என்னதிது?"

"மணி."

"நாளைக்கு இதுலயா நான் இட்லி ஊத்தணும்? பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது! கையி வரணும்னு பாத்தா இருக்கிற புத்தியும் போயிருச்சே!"

அந்தப் பானை அன்றோடு களிமண் பானை ஆனது. புதிது வாங்கினோம். மணிகள் அவிந்தும் வேகவில்லை, நகத்தால் கீறினால் உதிர்ந்தன. ஜெனி அதையும் படம் எடுத்துப் போட்டாள். 'யூனிக் டெக்ஸ்ச்சர் சிஸ்!' என்றார்கள். முருகேஸ்வரி, "போன் பண்ணுங்க" என்று எண்ணை அனுப்பினார்.

நான்தான் பேசினேன். பேசுமுன் இரண்டு முறை அழைப்பைத் துண்டித்தேன்.

"அமலி அக்கா இல்லீங்களா? நீங்க அவுக வீட்டுக்காரரா?"

"அந்த அக்காவே நான்தாம்மா" என்றேன்.



"சரிண்ணே. யாரு உருட்டுனா என்ன. அவிச்சா மணியாகாது, கொழுக்கட்டைதான் ஆகும். எடுத்துட்டு வாங்க, நான் சுட்டுத் தாரேன்."

நானும் அமலியும் டவுன் பஸ்ஸில் போனோம். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. முருகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என் கையைப் பார்த்தார். ஒரு கட்டியைக் கொடுத்து உருட்டச் சொன்னார். உள்ளங்கையில் வைத்து, பல்லைக் கடித்து உருட்டினேன்.

"அழுத்தாதீங்கண்ணே. அது என்ன உங்க எதிரியா?"

முடித்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கட்டை விரலால் அப்படியே நசுக்கிக் கட்டியோடு சேர்த்துவிட்டார்.

அமலிக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்புட்டுக் கஷ்டப்பட்டு உருட்டுனாரு, இப்படி நசுக்கிப்புட்டியேம்மா?"

"கஷ்டத்துக்கு மார்க்குப் போட நான் டீச்சராக்கா? உருண்டையா இல்ல, நசுக்குனேன்." என் பக்கம் திரும்பினார். "அவசரப்பட்டீங்கன்னா முட்டையாத்தான் வரும். அது உருண்டையாகுற வரைக்கும் உங்களுக்கு வேற சோலி இல்லன்னு உக்காருங்க."

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சரியாக வந்த மணிக்குத்தான் ஊசியால் ஓட்டை போடுவார். ஓட்டை விழுந்தால்தான் அது மணி, அதற்குப் பிறகுதான் அடுப்பு. அன்று நான் கொண்டுபோன மணிகளுக்கும் அங்கே உருட்டியவற்றுக்கும் ஓட்டை விழவில்லை. போகும்போது, "இனிமே நல்ல களிமண்ணுல பழகாதீங்க, கழிவுல பழகுங்க" என்றார். குழுவில் ஒரு வரி போட்டார்: 'அமலி கணக்குக்குக் கழிவுக் களிமண் வேணும். இருக்கிறவங்க அனுப்புங்க.' காரணம் எழுதவில்லை.

பொட்டலங்கள் வரத் தொடங்கின. வெட்டி மிஞ்சிய ஓரங்கள், தோற்றுப்போன மணிகள், நிறம் கலந்து கெட்டவை. பால் பாக்கெட் உறையில் சுற்றி ஒன்று, மிளகாய்த் தூள் வாசத்தோடு ஒன்று. கோவையிலிருந்து, சிவகாசியிலிருந்து, பெயரே கேட்டிராத ஊர்களிலிருந்து. யாருக்கு, எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒரு பொட்டலத்துக்குள் சீட்டு, 'லவ் யூ சிஸ்' என்று. எனக்கு அந்த இதயங்களின்மேல் இன்றும் மரியாதை இல்லை. ஆனால் அதே விரல்கள்தான் கொரியர் கடை வரை போய் அனுப்பியிருக்கின்றன. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. சேர்க்காமலே பிசைந்தேன். எல்லா ஊர் நிறமும் கலந்து கடைசியில் தெப்பக்குளத்துச் சேற்று நிறமானது.

வாரம் ஒருமுறை வண்டியூர் போனேன். அவர் நசுக்கினார். கட்டை விரலும் நடுவிரலும் முதலில் ஒன்றையொன்று கண்டுகொண்டன. சுட்டுவிரல் தூங்கிக்கொண்டே இருந்தது. மார்கழியில் ஒருநாள், ஒரு மணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம். இதுக்கு ஓட்டை போடலாம்."

பாராட்டு என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அமலி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

ஆனால் மணி உருட்டுகிற கை சோற்றை உருட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். களிமண் சொன்ன பேச்சு கேட்கும். சோறு வழுக்கும், உதிரும், சுடும். சுடுவதுகூட என் விரலுக்குத் தாமதமாகத்தான் தெரியும். உணர்விழப்பு என்று இதைச் சொல்கிறார்கள் (தொடுதல், சூடு, வலி சரியாகத் தெரியாமல் போவது). சோறு ஆறிய பிறகே கை வையுங்கள். நான் கற்றுக்கொண்டது கொப்புளத்தால்.

நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். அமலி தட்டுத் தூக்கினாள். அவள் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

பிறகு பந்தி. உசிலம்பட்டி மண்டபத்துப் பந்தியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வரிசை சாப்பிடும்போதே அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். உங்கள் முதுகில் அவர்கள் மூச்சுப் படும். அதே சமயம், ஒரு வரிசையில் உட்கார்ந்தவர் கடைசி ஆள் முடிக்கும்வரை எழக் கூடாது, அது மரியாதைக் குறைவு. எனக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமன். எழ முடியாதவர்கள்.

இலை போட்டதும் அருளப்பன் மண்டபமே கேட்கக் கத்தினார். "ஏப்பா, எங்க மச்சானுக்கு ஒரு ஸ்பூன் கொண்டாங்கப்பா! கையி வெளங்காதுல்ல!"

எல்லாரும் பார்த்தார்கள். நான் எதற்குப் பயந்து இத்தனை காலம் ஒளிந்தேனோ, அது அப்படியே நடந்தது.

"வேணாம் மாப்ள" என்றேன். வலது கையைச் சோற்றில் வைத்தேன்.

பருப்பு முடிந்தது. சாம்பாருக்குப் பாதி உதிர்ந்தது, பொறுக்கிச் சேர்த்தேன். பக்கத்தில் எல்லாரும் பாயசம் முடித்தார்கள். நான் அப்போதுதான் ரசத்துக்குச் சோறு வாங்கினேன். வரிசை முழுவதும் கை காய உட்கார்ந்திருந்தது. தாய்மாமன் மேற்கூரையைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

"அய்யா, ஆச்சுங்களா?" என்றார் ஒருவர், என் தலைக்கு மேலிருந்து.

முன்பென்றால் இலையை மூடியிருப்பேன். என் ஆயுளில் பாதியை அடுத்தவர் அவசரத்துக்கு மூடியவன் நான். இப்போது அந்த அவசரம் என் உடம்பில் இல்லை. நோய் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. கை என்னோடு பிறந்ததுபோலத் தெரியவில்லை. தன் வேகத்தில் வேலை செய்யும், ஏசினால் நின்றுவிடும், கூட வந்த ஓர் ஆள் மாதிரி இருந்தது. அந்த ஆளுக்காக நான் காத்திருக்கப் பழகியிருந்தேன். பெரியப்பாவும் தாய்மாமனும் ஒரு பொழுது காத்திருந்தால் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டார்கள்.

ரசத்தை முடித்தேன். இலை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த பருக்கைகளைக் கட்டை விரலாலும் நடுவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்தேன். பரிமாறுகிறவர் மோர் வாளியோடு எனக்கு முன்னால் வந்து நின்று, கெஞ்சுகிற முகத்தோடு பார்த்தார்.

"மோருக்குக் கொஞ்சம் சோறு வைங்க" என்றேன்.